பலதொழில் வாழ்வும் ஒருநெறி நோக்கும்
சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சரித்திரத்தினின்று ஆசிரியர்க்கு ஒரு பாடம்

உலகத்திலே ஒரே தொழிலிற் புகுந்து, அதிலேயே முதிர்ந்து, அதிலேயே ஓய்வு பெறுவோர் சிலர். பலரோ காலமும் வறுமையும் குடும்பத்தின் தேவையும் செலுத்திய வழியெல்லாஞ் சென்று, ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றிப் பல தொழில் புரிந்து, முதுமை வந்தெய்தும்போது பின்னோக்கிப் பார்த்து, “யான் செய்தது யாது? இவ்வாழ்வு எதன்பொருட்டு நிகழ்ந்தது?” என்று தம்மைத் தாமே வினாவி, விடை காணாது வருந்துவர். இவ்வினா ஆசிரியர்களாகிய நமக்குப் புதியதன்று. பிறர் பிள்ளைகளுக்கு வழி காட்டிக் காட்டியே நாட்கழித்தவர், தமக்கு வழி யாதென்று வினாவுவது ஒருநாள் வந்தே தீரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர் சில காலத்துக்கு முன் எம்மோடு அளவளாவியபோது தம் வாழ்வை இவ்வாறு சுருக்கியுரைத்தார். இளமையில் உதவியாசிரியராயிருந்தார். குடும்பபாரம் மிகுந்தமையாற் கந்தோரொன்றில் இலிகிதரானார். பின்பு ஐக்கிய சங்கமொன்றிற் கணக்கெழுதினார். சிலகாலங் கடை நடத்தி நட்டமடைந்தார். மீட்டும் பாடசாலைக்கு வந்து தலைமையாசிரியராய் ஓய்வு பெற்றார். “ஐயா, பல இடங்களிற் கிணறு தோண்டினேன், ஓரிடத்திலாயினும் நீரூறும் ஆழத்துக்குப் போகவில்லை” என்றார். அன்று அவருக்கு ஏற்ற விடை எம் வாயில் வரவில்லை. பின்னர், சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்கள் சரித்திரத்தை உயர்வகுப்பு மாணாக்கர்க்குப் பாடமாக வகுக்கப் புகுந்தவிடத்து, அவ்விடை ஒருவாறு புலப்படலாயிற்று. அதனையே ஈண்டு எழுதுகின்றாம்.

தொழில்களின் வரிசை

பிள்ளையவர்கள் 1832 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12 ஆந் தேதி யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்தார்கள். தந்தையார் வைரவநாதர். இளமையில் முத்துக்குமாரக் கவிராயரிடத்துத் தமிழ் கற்று, பின்னர் அமெரிக்க மிஷனாருடைய தெல்லிப்பழைப் பாடசாலையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் பயின்றார்கள். செமினரியை விட்டு வெளிவந்தபின் அவர்கள் புகுந்த தொழில்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, கோப்பாயிலே ஆசிரியத்தொழில். இரண்டாவது, பேர்சிவல் பாதிரியார் அழைப்பின்படி சென்னைக்குச் சென்று “தினவர்த்தமானி” என்னும் பத்திரிகையை நடத்தும் பத்திராசிரியத்தொழில். மூன்றாவது, சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழ் போதிக்குந் தொழில். சென்னைச் சர்வகலாசாலை 1857 ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்டபொழுது அதன் முதற் பரீட்சையிலே தேறிய முதற் பட்டதாரிகள் இருவர். அவ்விருவரும் வட்டுக்கோட்டையிற் கற்ற யாழ்ப்பாணத்தவர்களே. ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் நம் பிள்ளையவர்கள். நான்காவது, கள்ளிக்கோட்டையிலே இராசாங்க வித்தியாசாலையில் உதவியாசிரியத்தொழில். ஐந்தாவது, சென்னை அரசாங்கத்தாரின் வரவுசெலவுக் கணக்குச் சாலையிலே கணக்குப் பரிசோதிக்குந் தொழில். அச்சாலையில் இருக்கும்போதே நியாயசாத்திரம் பயின்று 1871 ஆம் ஆண்டிலே பி. எல். பட்டமும் பெற்றார்கள். 1882 ஆம் ஆண்டிலே தம் ஐம்பதாம் வயதில் அரசாங்க சேவையினின்றும் ஓய்வு பெற்றார்கள். ஆறாவது, 1884 ஆம் ஆண்டு முதற் கும்பகோணத்திலே நியாயவாதித்தொழில். ஏழாவது, 1887 ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நியாயாதிபதித்தொழில். 1895 ஆம் ஆண்டிலே “ராவ்பகதூர்” என்னும் பட்டம் வந்தது. 1901 ஆம் ஆண்டு சனவரி மாதம் 1 ஆந் தேதி தேகவியோகமானார்கள்.

இவ்வரிசையை மாத்திரம் ஒருவன் கேட்பானாயின் யாது நினைப்பான்? திறமைசாலியாகிய ஓர் உத்தியோகத்தர், சம்பளமும் பதவியும் உயர உயரத் தொழில் மாறினார் என்றே நினைப்பான். அவ்வளவோடு அமைந்திருப்பின், இன்று அவர்கள் பெயரை அறிவார் ஒருவருமிலர். அக்காலத்துக் கணக்குச் சாலையிலிருந்த பிற உத்தியோகத்தர் பெயர்களை நாம் அறிவோமா? அந்நாளைய நியாயாதிபதிகளுட் பலர் பெயர்தானும் நமக்குத் தெரியாது. பிள்ளையவர்களை நாம் நினைப்பது இவ்வேழு தொழில்களில் ஒன்றின்பொருட்டும் அன்று. இவ்வேழின் ஊடே ஓடிய வேறொரு பணியின்பொருட்டேயாம்.

ஊடே ஓடிய பணி

இருபது வயதை அடுத்த காலத்திலேயே பிள்ளையவர்கள் நீதிநெறிவிளக்கத்தை உரையோடு அச்சிட்டார்கள். 1868 ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு வெளிவந்தது. அதனைப் பரிசோதித்தவர்கள் ஆறுமுகநாவலரவர்கள், பதிப்பித்து வெளியிட்டவர்கள் பிள்ளையவர்கள். 1879 ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் சிவபதமடைந்தபின் அப்பாரம் பிள்ளையவர்கள் தோளிலே தங்கிற்று. 1881 ஆம் ஆண்டிலே வீரசோழியம், 1883 ஆம் ஆண்டிலே தணிகைப்புராணமும் இறையனாரகப்பொருளும், 1885 ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகை, 1889 ஆம் ஆண்டிலே இலக்கணவிளக்கமும் சூளாமணியும், அதன்பின் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியருரையோடு என்றிவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்ளே பழந்தமிழ் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அச்சேறின. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகையே.

இந்த ஆண்டுகளை முன்சொன்ன தொழில்வரிசையோடு ஒப்புநோக்குக. வீரசோழியம் கணக்குச் சாலையிலிருந்த காலத்தது. பொருளதிகாரம் நியாயவாதியாயிருந்த காலத்தது. இலக்கணவிளக்கமும் சூளாமணியும் நியாயாதிபதியாயிருந்த காலத்தன. ஆதலின், “ஓய்வு வரட்டும், பின்பு என் மனத்துக்கிசைந்ததைச் செய்வேன்” என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எனினும் ஓய்வு வந்தபின்பு அப்பணி பெருகிற்றேயன்றிச் சுருங்கவில்லை. ஐம்பது வயதுக்குமேற் பிறர் இளைப்பாறுங் காலத்திலேயே அவர்கள் செய்த பணியின் பெரும்பகுதி முற்றியது.

இப்பணியின் அருமையை மாணாக்கர் உணரவேண்டுமாயின், ஓர் ஏட்டுச்சுவடியின் இயல்பை ஆசிரியர் விளக்குதல் வேண்டும். பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் நில்லாது. சில தலைமுறைக்கு ஒருமுறை புதிதாக எழுதி வைத்தாலன்றி நூல் அழியும். எழுதுவார் அற்றுப்போகவே, இருந்த சுவடிகள் செல்லுக்கும் கறையானுக்கும் இரையாயின. பிள்ளையவர்கள் தம் பதிப்புரைகளிலே, தொட்டால் உதிரும் விளிம்பையும், கயிற்றை அவிழ்த்தால் ஒடியும் ஓலையையும், புழுத் துளைத்த எழுத்தையுங் கூறி மனமுருகுகின்றார்கள். அப்பதிப்புரைகளை மாணாக்கர்க்கு வாசித்துக் காட்டுதல் நன்று.

ஓலை முழுமையாய்க் கிடைப்பினும் இடர் தீர்ந்தபாடில்லை. பழைய ஏடுகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவவேறுபாடு இராது. ஆகாரங் காட்டுங் காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. ஆகவே, “எரி” என்று எழுதப்பட்டிருப்பின் அது தீயாகிய எரியோ, நீர்நிலையாகிய ஏரியோ? “கொடு” என்பது கொடுத்தலோ, மலையுச்சியாகிய கோடோ? “காடு” எனத் தோன்றுவது காடோ, கரடோ? ஓலை தானாகச் சொல்லாது. படிப்பவர் பொருளை நோக்கவேண்டும், இலக்கணத்தை நோக்கவேண்டும், செய்யுளாயின் ஓசையையும் நோக்கவேண்டும். “எரி” என்பது நிரையசை ஒன்று. “ஏரி” என்பது நேரசை இரண்டு. அச்சீர் நிற்குமிடத்துத் தளை எதனை வேண்டுகின்றதோ அதுவே பாடம். இவ்வாறு ஒவ்வோர் எழுத்தையும் விசாரித்து, பல ஊர்ச் சுவடிகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வேறுபட்டவிடத்து ஒன்றைத் தெரிந்து ஓர் அடியை நிச்சயிக்க வேண்டும். அத்தகைய அடிகள் ஆயிரமாயிரம். இதற்கு உதவியோர் சிலர். செலவிற்குப் பெரும்பாலும் கைப்பொருளே.

ஒரு தொழிலும் வீண்போகவில்லை

இவ்விடத்திலேதான் நம் பாடத்தின் கருத்து அமைந்திருக்கின்றது. பிள்ளையவர்கள் செய்த ஏழு தொழில்களும் இப்பணிக்கு இடையூறாயினவோ, துணையாயினவோ? காலத்தை உண்டன என்னும் வகையில் இடையூறே. ஆயினும் வேறொரு வகையால் ஆராய்ந்தால், ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு கருவியை அவர்கள் கையிலே தந்து சென்றது என்பது தோன்றும். இது யாம் ஊகித்து உரைப்பது. ஊகமாயினும் ஆசிரியர் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு உண்மை காணத்தக்கது.

ஆசிரியத்தொழில், படிப்போன் எவ்விடத்தில் இடறுவான் என்பதை முன்னறியும் கண்ணைத் தருவது. இன்ன சொல்லைப் பிரித்துக் காட்டினாலன்றிப் பிள்ளை விளங்கிக்கொள்ளான் என்பது வகுப்பறையிலே நின்றவனுக்கே தெரியும். நூலைப் பதிப்பிப்போனுக்கும் வேண்டுவது அக்கண்ணே.

பத்திராசிரியத்தொழில், அச்சுக்கூடத்தின் இயல்பை அறிவிப்பது. எழுத்துக் கோப்போன் எவ்வாறு பிழைபடுவான், பிழையை எவ்வாறு திருத்துவது, குறித்த நாளில் எவ்வாறு முடிப்பது, கடுதாசிக்கும் அச்சுக்கும் செலவு யாது என்பவற்றைப் புத்தகத்திற் கற்றல் அரிது. எத்துணைப் புலமையுடையாராயினும், அச்சு வேலையை அறியாதார் பதிப்பிப்பாராயின் ஏட்டின் பிழையோடு அச்சின் பிழையுஞ் சேரும்.

கணக்குப் பரிசோதனைத்தொழில் பழந்தமிழுக்கு முற்றும் புறம்பானதாகத் தோன்றும். ஆனால் கணக்குப் பரிசோதகன் நாடோறுஞ் செய்வது யாது? ஒரே வரவைப் பற்றிய இரண்டு மூன்று பதிவுகளை அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன, எது மூலம், எது பார்த்தெழுதியது என்று ஆராய்வதே. சுவடிகளை ஒப்புநோக்குவோன் செய்வதும் அதுவேயன்றோ! ஒரு காசு வேறுபாட்டையும் பொறாத மனப்பழக்கமே ஓரெழுத்து வேறுபாட்டையும் பொறாத பழக்கமாகும்.

நியாயவாதித்தொழிலும் நியாயாதிபதித்தொழிலும் சாட்சியை நிறுக்கும் ஆற்றலைத் தருவன. பத்துச் சாட்சிகள் ஒன்றையே சொன்னாலும், அப்பதின்மரும் ஒருவன் வாயிலாகவே கேட்டவர்களாயின் அவர்கள் ஒரு சாட்சியே. அதுபோலப் பத்துச் சுவடிகள் ஒரு பாடத்தையே காட்டினாலும், அவை ஒரு சுவடியைப் பார்த்தே எழுதப்பட்டவையாயின் ஒரு சுவடிக்கே சமானமாம். தொகையை எண்ணாது தகுதியை எண்ணுதல் நியாயசபையிற் பழகியவர்க்கு எளிது.

ஆகவே, பல தொழில் புரிந்தமையாற் பிள்ளையவர்கள் சிதறுண்டார்களல்லர். பல தொழில்களிலும் பெற்றவற்றைக் கொண்டு சேர்த்தற்கு ஓரிடம் அவர்களுக்கு இருந்தது. அவ்விடம் இல்லாதவனுக்கே வாழ்வு சிதறுவது. ஒரே தொழிலை நாற்பதாண்டு செய்தவனாயினும், கொண்டுசேர்க்குமிடம் ஒன்றில்லையாயின் அவன் வாழ்வும் நாற்பது துண்டுகளாய்க் கிடக்கும்.

வாழ்வினின்று பிறந்த நெறி

பிள்ளையவர்கள் தம் வாழ்க்கை நெறி இதுவென்று தனிநூல் எழுதிவைக்கவில்லை. செய்தவற்றை நோக்கி மூன்று கொள்கைகளை நாம் எடுத்துரைக்கலாம்.

முதலாவது, என்றும் நிற்பதைக் காட்டிலும் இன்று அழிவதை முந்திக் கவனித்தல். புதுநூல் செய்யும் ஆற்றலும் அவர்களுக்கு இருந்தது, செய்தும் உள்ளார்கள். ஆயினும் புதுநூலை நாளையும் எழுதலாம், பொடியும் ஓலையை நாளை படிக்கமுடியாது என்பதை உணர்ந்து, தம் புகழுக்குரியதைப் பின்வைத்து முன்னோர் புகழுக்குரியதை முன்வைத்தார்கள்.

இரண்டாவது, தன் பற்று வேறு, தன் கடமையின் எல்லை வேறு என்று அறிதல். பிள்ளையவர்கள் கிறித்தவச் சூழலிலே கல்வி கற்று வளர்ந்து, பின்னர்ச் சைவத்துக்கு மீண்டு, அதிலே உறுதியாய் நின்றவர்கள். ஏழாலையிலே ஒரு தமிழ்ப் பாடசாலையைத் தாபித்து நடத்தியவர்கள். இத்துணைப் பற்றுடையவர்களாயினும், அவர்கள் பதிப்பித்தவற்றை நோக்குக. தணிகைப்புராணம் சைவநூல். வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரனார் செய்தது. சூளாமணி சைனராகிய தோலாமொழித்தேவர் செய்தது. அழிவது தமிழாயின் அது எச்சமயத்தார் வாய்த் தமிழாயினும் காக்கப்படவேண்டும் என்பதே அவர்கள் செய்கை காட்டுவது. தன் சமயத்தில் உறுதியுடையவனுக்குப் பிறர் நூலைக் காப்பதில் அச்சம் எங்ஙனம் உண்டாகும்?

மூன்றாவது, பின்வருவோர் திருத்துதற்கு இடம் வைத்துச் செய்தல். 1885 ஆம் ஆண்டிலே வெளிவந்த பொருளதிகாரப் பதிப்பில் உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையதென்றே அச்சிடப்பட்டது. அதன் இறுதியியல்களுக்கு அங்குக் காணப்பட்ட உரை பேராசிரியருடையதென்று பின்வந்த அறிஞர்கள் நிறுவினார்கள். இதனைப் பிள்ளையவர்களுக்கு இழுக்கென்று கருதுவோர் அறியாதாரே. அவர்கள் அச்சிட்டமையாலன்றோ பின்வந்தோர் அதனைப் படித்து, ஆராய்ந்து, தவறென்று காண முடிந்தது! ஏட்டிலேயே கிடந்து அழிந்திருப்பின் தவறும் இல்லை, திருத்தமும் இல்லை, நூலும் இல்லை. குறையின்றிச் செய்து முடிப்பேன் என்று காத்திருந்து ஒன்றுஞ் செய்யாது இறப்பவனிலும், இயன்றவரை செம்மையாய்ச் செய்து, எஞ்சியதைப் பின்னோர்க்கு ஒப்புவிப்பவன் மேலானவன். ஓய்வுக்காலத்திலே ஒரு பணியைத் தொடங்க அஞ்சும் ஆசிரியர் இம்மூன்றாங் கொள்கையை உள்ளத்திற் பதித்துக்கொள்க.

ஒரு தடையும் விடையும்

“பிள்ளையவர்கள் பட்டதாரி, உயர்ந்த சம்பளம் பெற்றவர், சென்னையிலும் கும்பகோணத்திலும் வாழ்ந்தவர். கிராமப் பாடசாலையிலே சொற்பச் சம்பளத்துக்கு உழைத்து, நோயும் கடனும் மிஞ்ச ஓய்வு பெறும் எமக்கு இது எங்ஙனம் பொருந்தும்?” என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். தடை நேரியதே. பொருளும் கல்வியும் பதவியும் அவர்களுக்குப் பெருந்துணையாயின என்பதை மறைத்துப் பாடஞ் சொல்லுதல் தகாது. அன்றியும், எல்லா முதியோரும் பணியொன்றைத் தேடியே ஆகவேண்டும் என்பதும் நங் கருத்தன்று. நெடுங்காலம் பாரஞ் சுமந்தவன் மரநிழலில் இருந்து இளைப்பாறுதலும், பேரப்பிள்ளைகளோடு விளையாடுதலும், கோயிலிலே திருவிளக்கிடுதலும் நிறைந்த வாழ்வேயாம்.

ஆயினும், “என் வாழ்வு எதன்பொருட்டு?” என்னும் வினாவாலே வருந்துவார்க்கு ஒன்று சொல்லலாம். பிள்ளையவர்கள் செய்ததன் அளவு நம்மால் இயலாது. அதன் முறை நமக்கும் இயலும். அவர்கள் தேடியது தொலைநாட்டுப் பொருளன்று; தம் கையெட்டிய தூரத்திலே அழிந்துகொண்டிருந்த பொருள். நம் கையெட்டிய தூரத்தில் இன்று அழிவது யாது?

1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, அங்கிருந்த நூல்களோடு கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே வீடுகளிலிருந்த ஏடுகளும் உறுதிகளும் புகைப்படங்களும் எத்துணை போயின என்று கணக்கிடுவாரில்லை. எஞ்சியவை இன்னுஞ் சில வீடுகளின் பரண்களிலே கிடக்கின்றன. பரியாரியார் வீட்டு வாகட ஏடு ஒன்று. பழைய பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகம் ஒன்று. கோயிலின் கணக்குக் கொப்பி ஒன்று. எழுத்தில் ஏறாதனவும் உள. வயற்குறிச்சிகளின் பெயர்கள், புகையிலைத் தோட்டத்தாரும் கடற்றொழிலாளரும் வழங்குஞ் சொற்கள், முதியோர் வாய்த் தாலாட்டுகள் ஆகிய இவை, சொல்வோர் மறையும்போது உடன் மறைவன. அவற்றை எழுதிவைத்தற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், எழுதுகோலும், இக்காலத்தில் எவரிடத்தும் உள்ள கைத்தொலைபேசியின் படம்பிடிக்கும் வசதியும் போதியன. பொறுமையும் செம்மையுமே அருமையானவை. அவ்விரண்டையும் ஆசிரியத்தொழில் நமக்கு முன்னரே பயிற்றிவிட்டது.

ஆசிரியர் செய்துபார்க்கத்தக்க ஒரு பயிற்சி

ஒரு தாளை எடுத்து நடுவே கோடிடுக. இடப்பக்கத்திலே, இதுகாறும் செய்த தொழில்களையெல்லாம் சிறியது பெரியது என்று பாராது வரிசையாக எழுதுக. வலப்பக்கத்திலே, அத்தொழில் தந்த சம்பளத்தையும் பதவியையும் எழுதாது, அது கையிலோ கண்ணிலோ மனத்திலோ விட்டுச்சென்ற பழக்கத்தை எழுதுக. நட்டத்தில் முடிந்த தொழிலையும் விடாது எழுதுக. அதுவே மிகுதியாகக் கற்பித்திருத்தலுங் கூடும். பின்பு தாளைக் கவிழ்த்து, ஊரிலே தாம் கண்ணாரக் காண அழிந்துவரும் மூன்று பொருள்களை எழுதுக. இருபுறத்தையும் மாறிமாறி நோக்கினால், ஒருபுறத்திலுள்ள ஏதோவொரு பழக்கம் மறுபுறத்திலுள்ள ஏதோவொரு பொருளை நோக்கிக் கைநீட்டுவது தோன்றும். ஒருநாளிலே தோன்றாவிடினும் சில நாளிலே தோன்றும். தோன்றியதைச் சிறிதாய்த் தொடங்குக.

மேற்சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர்க்கு இப்பயிற்சியைச் சொன்னோம். அவர் சிரித்து, “கணக்கெழுதியவனுக்கு அட்டவணை போடத் தெரியும், கந்தோரிலிருந்தவனுக்குப் பழைய கடுதாசிகளைக் கோவைப்படுத்தத் தெரியும், கடைவைத்து நட்டப்பட்டவனுக்கு ஊரிலே எல்லா வீடும் தெரியும்” என்றார். இப்பொழுது தம் பாடசாலையிலே ஆதியிற் கற்ற மாணாக்கரின் பெயர்ப்பதிவுகளையும் பழைய சம்பவத்திரட்டையும் படியெடுத்து வருகின்றார். முதற் புத்தகத்தின் ஓரங்களைச் செல் தின்றுவிட்டதென்றும், விட்ட பெயர்களை அறிய முதியோர் வீடுகளுக்குப் போய்வருவதாகவும் சொன்னார்.

வகுப்பிலே கற்பிக்கும் முறை

உயர்வகுப்பிலே இச்சரித்திரத்தைக் கற்பிக்குமிடத்து, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, நூற்பெயர் என்பவற்றை மனனஞ் செய்வித்து அமையாது, பின்வருமாறு நடத்துதல் பயன்றரும். முதலிற் கரும்பலகையிலே புள்ளியில்லாமலும், குறில் நெடில் வேறுபாடின்றியும், சொற்களைப் பிரியாமலும் இரண்டு வரி எழுதி, மாணாக்கரை வாசிக்கச் செய்க. அவர்கள் தடுமாறியபின், எவ்வாறு உண்மைப் பாடத்தைக் காணலாம் என்று வினாவுக. அதன்பின் சரித்திரத்தைச் சொல்லுக. இறுதியில் இவ்வினாக்களைக் கொடுக்க:

1. பிள்ளையவர்கள் செய்த தொழில்களை முறையே கூறுக. அவற்றுள் எது ஏட்டாராய்ச்சிக்கு மிகவும் உதவியிருக்கும் என்று கருதுகின்றாய்? காரணங் காட்டுக.

2. சைவராகிய அவர்கள் பௌத்தர், சைனர் செய்த நூல்களையும் பதிப்பித்தமை எதனைக் காட்டுகின்றது?

3. ஒரு பதிப்பிலே பிழை காணப்படின் அப்பதிப்பு பயனற்றதாகுமா? பொருளதிகாரப் பதிப்பை எடுத்துக்காட்டி விடை எழுதுக.

4. உன் வீட்டிலோ ஊரிலோ அழியும் நிலையிலுள்ள ஒரு பழம்பொருளை அல்லது பழஞ்சொல்லைப் பற்றிப் பெரியோரிடத்துக் கேட்டறிந்து பத்து வரியில் எழுதுக.

நான்காம் வினாவுக்குரிய விடைகளை ஆசிரியர் எறிந்துவிடாது தொகுத்து வைக்க. ஆண்டுதோறும் தொகுப்பின், அதுவே அவர் ஓய்வுபெறும்போது தம் கையிலிருக்கும் செல்வமாம்.

முடிவாக, கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் யாழ்ப்பாணத்திலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மழைநீர் நிலத்திற் சுவறி, அடியிலுள்ள சுண்ணக்கற் பிளவுகளினூடே பரந்து தங்குகின்றது. கிணறுகள் வேறுவேறாகத் தோன்றினும், ஒன்றில் மிகுதியாய் இறைத்தால் அயற்கிணற்றின் நீரும் தாழ்வதை நம் தோட்டக்காரர் அறிவார். மேலே வாய்கள் பல. கீழே தொடர்பு ஒன்று. பல தொழில் புரிந்து மூத்த ஆசிரியரே, நீர் தோண்டிய கிணறுகளும் அத்தன்மையனவே. இனிப் புதிதாக ஒன்று தோண்டவேண்டுவதில்லை. முன் தோண்டியவற்றுள் உமக்கு அண்மையிலுள்ளதிலே கயிற்றை விட்டு இறைத்துப் பாரும்.